இரு கைகளையும் இழந்த தம்பிக்குக் கைமாற்று அறுவை சிகிச்சை: பதிவு செய்வதா, செயற்கைக் கையோடு தொடர்வதா?

காவிரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 26. கட்டட வேலையில் சாரம் கட்டும்போது அவன் தூக்கிப் பிடித்த இரும்புக் குழாய் மேலே சென்ற உயர் அழுத்த மின்கம்பியில் உரசியதால் இரண்டு கைகளும் கருகிவிட்டன. உயிரைக் காப்பாற்றுவதற்காக வலக்கையை முழங்கைக்குச் சற்றுக் கீழேயும், இடக்கையை மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை மேலேயும் எடுக்க வேண்டியதாயிற்று. தீக்காயப் பிரிவில் நெடுநாள் இருந்தான். பலமுறை ரத்தம் ஏற்றினார்கள், தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். விபத்து நடந்து ஓராண்டு கடந்துவிட்டது, புண்கள் ஆறிவிட்டன.

தோள்பட்டையில் வார் மாட்டி இழுத்தால் திறந்து மூடும் கொக்கி வகைச் செயற்கைக் கையைப் பொருத்திப் பார்த்தோம். இடப்பக்கம் ஓரளவு பழகியது. வலப்பக்கம் எஞ்சியிருக்கும் பகுதி குட்டையாக இருப்பதால் வியர்த்தவுடன் வழுக்கிக் கழன்றுவிடுகிறது. இப்போது அதை மாட்டவே மறுக்கிறான். சோறு ஊட்டுவது முதல் கழிவறைக்கு அழைத்துச் செல்வது வரை அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். முகத்தில் ஈ உட்கார்ந்தால் தோளை உயர்த்தித் தேய்த்துக்கொள்கிறானே தவிர, யாரையும் கூப்பிடுவதில்லை.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மின்விபத்தில் கைகளை இழந்த ஒருவருக்கு மூளைச்சாவு அடைந்தவரின் கைகளைப் பொருத்தினார்கள் என்ற செய்தியைப் படித்ததிலிருந்து தம்பி அதையே பேசிக்கொண்டிருக்கிறான். உறவினர்களில் சிலர், அந்தக் கை பொம்மை போலத்தான் தொங்கும் என்கிறார்கள். வேறு சிலர், வாழ்நாள் முழுவதும் மாத்திரை சாப்பிட்டால் சிறுநீரகம் போய்விடும் என்கிறார்கள். அம்மாவோ தன் கைகளில் ஒன்றை எடுத்துப் பொருத்த முடியுமா என்று கேட்கிறார். இந்தச் சிகிச்சை என் தம்பிக்குப் பொருந்துமா, பொருத்திய கை எந்த அளவுக்கு வேலை செய்யும், நாங்கள் எதை அறிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அறுவையரங்கு

சகோதரி, நான் ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) துறையில் பணிபுரிபவன். கை அறுவை சிகிச்சையில் பயிற்சி பெற்றவன். உங்கள் தம்பியை நேரில் பார்க்காமல் பொருந்தும், பொருந்தாது என்று சொல்வது முறையாகாது. ஆனால், அவரைப் பார்க்கும் குழு எவற்றையெல்லாம் எடைபோடும் என்பதைச் சொல்ல முடியும்.

அம்மாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருப்பவரிடமிருந்து கையை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துவதை எந்த மருத்துவமனையும் செய்யாது. மூளைச்சாவு அடைந்தவரின் கைகளை, குடும்பத்தாரின் ஒப்புதலோடு மட்டுமே எடுப்பார்கள். 2000ஆம் ஆண்டில் மலேசியாவில் ஒரு பச்சிளங்குழந்தைக்கு, பிழைக்க முடியாத அதன் இரட்டைச் சகோதரியின் கையைப் பொருத்தினார்கள். இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் என்பதால் நிராகரிப்பை, அதாவது பொருத்திய உறுப்பை அயலானது என்று உடல் தாக்குவதை, தடுக்கும் மருந்துகூடத் தேவைப்படவில்லை. அது மிக அரிதான விதிவிலக்கு. அம்மாவிடம் அவருடைய இரு கைகளும் தம்பிக்கு இன்னும் பல ஆண்டுகள் வேண்டியிருக்கும் என்று சொல்லுங்கள். சிகிச்சைக்குப் பிறகு அவருடைய வேலை கூடுமே தவிரக் குறையாது.

இனி, இந்தச் சிகிச்சை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்ப்போம். 1964ஆம் ஆண்டில் ஈக்வடாரில் ஒருவருக்குக் கை பொருத்தினார்கள். அன்றிருந்த மருந்துகள் போதாமல் இரண்டு வாரங்களில் உடல் அதை நிராகரித்துவிட்டது. அதன்பின் 1998 செப்டம்பரில் பிரான்சின் லியோன் நகரில் ழான் மிஷேல் துபெர்னார் தலைமையிலான குழு செய்ததையே இக்காலக் கைமாற்றின் தொடக்கமாகக் கொள்கிறோம். அந்த நோயாளி மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிடாமல் விட்டதால் நிராகரிப்பு முற்றி, அவருடைய வேண்டுகோளின்படியே 2001இல் லண்டனில் அந்தக் கையை அகற்றினார்கள். ஆனால் 1999 ஜனவரியில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் கை பொருத்திக்கொண்டவர் 20 ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கையோடு வாழ்ந்திருக்கிறார். நான்கு மாத இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் நான் குடும்பத்தினரிடம் சேர்த்தே சொல்வது வழக்கம். ஏனென்றால் அறுவை சிகிச்சை இரண்டிலும் நன்றாகவே நடந்தது, பிறகு வந்த ஆண்டுகள்தான் வேறுபட்டன.

இந்தியாவில் 2015 ஜனவரியில் கொச்சி அமிர்தா மருத்துவமனையில் டாக்டர் சுப்பிரமணிய ஐயர் தலைமையில் முதன்முதலாக இரு கைகளும் பொருத்தப்பட்டன. அதற்குச் சுமார் 16 மணி நேரம் ஆயிற்று. நீங்கள் படித்த ஸ்டான்லி சிகிச்சை 2018 பிப்ரவரியில் டாக்டர் ரமாதேவி தலைமையில் நடந்தது. தமிழ்நாட்டில் அதுவே முதல். அதில் கைகளைப் பெற்றவர் திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கட்டடத் தொழிலாளி. 2015இல் மின்சாரம் தாக்கிக் கைகளை இழந்தவர். ஆகவே தம்பி அந்தச் செய்தியில் தன்னையே கண்டதில் வியப்பில்லை. டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவை சிகிச்சைத் துறை அங்கே பல பத்தாண்டுகளாக இயங்கிவருவதால்தான் ஓர் அரசு மருத்துவமனையால் அதைச் செய்ய முடிந்தது என்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

உங்கள் தம்பிக்குச் சாதகமானவை பல: வயது குறைவு, இழந்தது இரு கைகளையும், பிறவியிலேயே கை இல்லாதவர் அல்லர் என்பதால் மூளையில் கைகளுக்கான இடம் இன்னும் அழியவில்லை. அதே சமயம், மின்விபத்து என்பது தனிக் கவலையைத் தருகிறது. மின்சாரம் தோலைவிட உள்ளே இருக்கும் தசையையும் ரத்தக் குழாயையும் நரம்பையும் அதிகமாகத் தாக்கும். வெளியே நன்றாக ஆறியிருக்கும் கையில் உள்ளே இருக்கும் தமனி கெட்டிருக்கக்கூடும். அதனால் ரத்தக் குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோகிராம் படம் எடுத்துப் பார்க்காமல் யாரும் முடிவு சொல்லமாட்டார்கள்.

அதைவிட முக்கியமாக, பலமுறை ரத்தம் ஏற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். பிறருடைய ரத்தத்தையும், தோல் வங்கியிலிருந்து எடுத்துப் போர்த்திய தோலையும் பெற்றவர்களின் உடலில் அயல் திசுக்களுக்கு எதிரான எதிர்ப்புப் புரதங்கள் உருவாகியிருக்கும் வாய்ப்பு உண்டு. அவை மிகுந்திருந்தால், ரத்தப் பிரிவு பொருந்தினாலும் கொடையாளரின் கையைத் தம்பியின் உடல் உடனடியாகத் தாக்கிவிடும்; அப்படிப்பட்டவருக்குப் பொருத்தமான கொடையாளர் கிடைப்பது மிகவும் கடினமாகிவிடும். இதற்கென ரத்தப் பரிசோதனை இருக்கிறது. தீக்காயத்தால் கை இழந்தவர்கள் இதை முதலிலேயே செய்துகொள்வது நல்லது. ஆண்டுக்கணக்கில் நம்பிக்கை வளர்த்த பிறகு இதைக் கேள்விப்படுவது கொடுமை.

எவ்வளவு வேலை செய்யும் என்று கேட்டீர்கள். முதலில் எலும்பைத் தகடு வைத்து இணைப்போம். பிறகு தமனி, சிரைகளைத் தைத்து ரத்தத்தைப் பாய விடுவோம். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களையும் நரம்புகளையும் இணைத்துத் தோலை மூடுவோம். கொடையாளரின் கை ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தைப் பெற்றாக வேண்டும் என்பது பொதுவான இலக்கு. பனிக்கட்டியில் வைத்தாலும் தசை சிறுநீரகத்தைப் போல நெடுநேரம் தாங்காது.

நரம்பைத் தைத்தவுடன் அது வேலை செய்யாது. பழைய நரம்பு இழைகள் பொருத்திய கைக்குள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர், அதாவது மாதத்துக்கு 3 சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்துசெல்ல வேண்டும். தம்பியின் இடக்கை மணிக்கட்டுக்கு அருகில் எடுக்கப்பட்டிருப்பதால், விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் பெரும்பாலும் அவருடையவையாகவே முன்கையில் எஞ்சியிருக்கும். தசைநாண்களை இணைத்துவிட்டால் சில வாரங்களிலேயே விரல் அசையத் தொடங்கும், உணர்வு பல மாதங்கள் கழித்து வரும். வலக்கை அப்படியன்று. முழங்கைக்குச் சற்றுக் கீழே என்றால் அந்தத் தசைகளும் கொடையாளருடையவையாகவே இருக்கும். நரம்பு அவற்றை அடையும்வரை அசைவே இராது. நரம்பின் தொடர்பின்றி ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருக்கும் தசை மெலிந்து பயனற்றதாகிவிடும் என்பதால், உள்ளங்கையின் சிறு தசைகள் வலப்பக்கம் முழுமையாக மீளும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சட்டைப் பொத்தானை மாட்டுவது, ஊசியில் நூல் கோப்பது போன்றவை அந்தச் சிறு தசைகளின் வேலை. தம்ளரைப் பிடிப்பது, சோறு பிசைந்து உண்பது, கழுவிக்கொள்வது, சுடுகிறதா குளிர்கிறதா என்று தொட்டறிவது ஆகியவை நடக்கக்கூடியவை. பொம்மை போலத் தொங்கும் என்பது உண்மையன்று. பழைய கையே திரும்பிவிடும் என்பதும் உண்மையன்று.

மருந்தைப் பற்றி உறவினர்கள் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் வழக்கமானவை. கையை வைத்திருக்கும்வரை மருந்தை நிறுத்த முடியாது. சர்க்கரை நோய், சிறுநீரகப் பாதிப்பு, தொற்று, சில வகைப் புற்றுநோய்கள் ஆகியவை வரும் வாய்ப்பு கூடுகிறது. கல்லீரலோ சிறுநீரகமோ பெறுபவர் அவை இல்லாவிட்டால் இறந்துவிடுவார் என்பதால் இந்த ஆபத்தை ஏற்கிறார். கை இல்லாமலும் உயிர் வாழலாம். நல்ல உடல்நிலையில் இருக்கும் 26 வயது இளைஞர் வாழ்வின் தரத்துக்காக இந்த மருந்துகளை ஏற்கலாமா என்பதில்தான் உலகெங்கும் மருத்துவர்களே வேறுபடுகிறார்கள். ஒரு கை மட்டும் இழந்தவருக்கு வேண்டாம் என்பது என் கருத்து. இரு கைகளும் இழந்தவர், செயற்கைக் கையை முறையாக முயன்று பார்த்தபின் கேட்டால், அவருடைய கோரிக்கையை மறுக்க எனக்கு மனம் வராது.

விரல்நுனி

அக்கா, நான் கைப் பயிற்சி அளிக்கும் பிசியோதெரபிஸ்ட். மேலே மருத்துவர் ஐயா சொன்னதோடு, அறுவை சிகிச்சைக்குப் பின் வீட்டில் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன். கைமாற்று செய்துகொண்டவர்களோடு வேலை செய்திருக்கிறேன்.

முதல் ஆண்டு முழுவதும் இதுவே தம்பியின் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் பல மணி நேரம் பயிற்சி. முதலில் கையை உயர்த்திப் பட்டையில் வைத்து வீக்கம் வடியச் செய்வோம். பிறகு விரல் மூட்டுகள் இறுகிவிடாமல் ஒவ்வொன்றாக நாங்கள் மடக்கி நீட்டுவோம். பிறகு அவரே முயல வேண்டும். நரம்பு எந்த இடம்வரை வளர்ந்திருக்கிறது என்பதைத் தையலிலிருந்து கீழ்நோக்கி விரலால் மெல்லத் தட்டிப் பார்த்து அறிகிறோம். வளரும் நரம்பின் முனையைத் தட்டும்போது அவருக்குச் சுரீரென்று மின்சாரம் பாய்வது போலிருக்கும். அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, தேதியைக் குறித்து அளந்துவைப்போம். அடுத்த மாதம் அந்தச் சுரீர் இன்னும் கீழே போயிருக்கும். அசைவு எதுவும் தெரியாத மாதங்களில் நோயாளியைத் தளரவிடாமல் வைத்திருப்பது பெரும்பாலும் அந்தக் கோடுகள்தான். மின்விபத்தில் கை இழந்த ஒருவருக்கு அந்தச் சுரீர் முதலில் அச்சத்தையே தந்தது. அது எதனால் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

உணர்வு வரும் முன்பு கை சூட்டை அறியாது. கொதிக்கும் பாத்திரத்தின் மேல் கையை வைத்துவிட்டுத் தோல் கொப்பளித்த பின்பே தெரிந்துகொள்வார்கள். ஆகவே அடுப்படியும் வண்டியின் புகைக்குழாயும் அவருக்குப் பல மாதங்கள் ஆபத்தானவை.

இன்னொன்று, கையின் நிராகரிப்பு வெளியிலேயே தெரியும். தோலில் சிவந்த புள்ளிகளோ தடிப்போ வீக்கமோ தோன்றும். கைமாற்று சிகிச்சைகளின் உலகளாவிய பதிவேட்டின்படி பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் முதலாண்டில் ஒருமுறையாவது நிராகரிப்பு தலைகாட்டியிருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை ஸ்டீராய்டைக் கூட்டியதிலும் களிம்பு தடவியதிலும் அடங்கிவிட்டன. சிறுநீரகம் பெற்றவருக்கு ரத்தப் பரிசோதனையில்தான் தெரியவரும். இங்கே வீட்டில் இருப்பவர் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். அதனால் தினமும் குளித்து முடித்ததும் நல்ல வெளிச்சத்தில் இரு கைகளையும் முன்னும் பின்னும் பார்க்கும் பொறுப்பை அம்மாவோ நீங்களோ ஏற்க வேண்டியிருக்கும். வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து வந்தால் நிலைமை கைமீறிவிடும்.

மருந்தை 12 மணி நேர இடைவெளியில், குறித்த நேரத்தில் கொடுக்க வேண்டும். ஊரில் வேறு காய்ச்சலுக்கோ இருமலுக்கோ மருத்துவரைப் பார்த்தால் இந்த மருந்துகளின் பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். வேறு சில பூஞ்சைக்கொல்லி மருந்துகள் அதை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். இவை கேட்பதற்குச் சிறிய செய்திகள். கையைக் காப்பதும் இழப்பதும் இவற்றில்தான் இருக்கிறது.

மருத்துவமனைக்கு அருகில் ஓராண்டாவது வீடு எடுத்துத் தங்க முடியுமா, ஒருவர் வேலையை விட்டுவிட்டு உடனிருக்க முடியுமா என்பதை இப்போதே குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனையில் கட்டணமின்றி நடந்தாலும், இந்தச் செலவு உங்களுடையது.

கரிசல்காடு

தங்கச்சி, எனக்கு இரண்டு கைகளும் இல்லை. பட்டாசு ஆலை வெடிவிபத்தில் போயின. நான் கைமாற்றுக்குப் பதிவு செய்யவில்லை. அதற்கு எதிரானவனும் அல்லன். வேறு வழிகளும் இருக்கின்றன என்பதைத் தம்பிக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

என் இடக்கைக்குக் குருக்கன்பெர்க் முறையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மானிய மருத்துவர் ஒருவர் கண்டது. இரு கைகளும் இழந்தவர்களுக்கு, குறிப்பாகப் பார்வையும் இழந்தவர்களுக்குப் பயன்படும் என்றார்கள். முன்கையின் இரண்டு எலும்புகளையும் தசையோடு பிரித்து இடுக்கி போல ஆக்கிவிடுவார்கள். பார்ப்பதற்கு அழகாக இராது. முதலில் என் பிள்ளைகளே பயந்தார்கள். ஆனால் அது என் சொந்தத் தோல். தொட்டால் தெரியும். தோசையைப் பிய்க்கிறேன், பேனா பிடிக்கிறேன், கைப்பேசியை எடுக்கிறேன், இருட்டில் தாழ்ப்பாளைத் தடவித் திறக்கிறேன். ஒரு மாத்திரையும் இல்லை. தம்பியின் இடக்கை மணிக்கட்டுக்கு அருகில்தான் எடுக்கப்பட்டிருக்கிறது என்றால், நீளம் போதுமானதாகவே இருக்க வேண்டும்; மருத்துவரைக் கேளுங்கள். அதைச் செய்துகொண்ட கையில் பிற்பாடு கைமாற்றுச் செய்ய முடியுமா என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வலப்பக்கம் நான் கொக்கியைத்தான் மாட்டுகிறேன். உங்கள் தம்பிக்குக் கழன்றுவிடுகிறது என்றீர்களே, அது கொக்கியின் குறையன்று, எஞ்சிய கை உட்காரும் கிண்ணத்தின் குறை. புண் ஆறிய புதிதில் அளவெடுத்திருப்பார்கள். பிறகு தசை வற்றிச் சுற்றளவு குறைந்திருக்கும். குட்டையான முன்கைக்கு முழங்கை எலும்பின் மேலே கவ்விப் பிடிக்கும்படி கிண்ணம் செய்ய முடியும். சென்னை கே.கே. நகரில் இருக்கும் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலோ வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வுப் பிரிவிலோ மீண்டும் அளவெடுக்கச் சொல்லுங்கள். தசையின் மின்னலையை வாங்கி இயங்கும் மோட்டார் கைகளும் இருக்கின்றன. விலை லட்சக்கணக்கில் போகும், தண்ணீர் படக்கூடாது, சார்ஜ் போட வேண்டும். நம் ஊர் வெயிலில் எனக்கு ஒத்துவரவில்லை. அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அதைக் கழற்றுவதே இல்லை.

தம்பி இப்போது எதையும் மாட்ட மறுக்கிறார் என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. புதுக் கை வரப்போகிறது என்ற எண்ணம் வந்துவிட்டால் இந்த இரும்பு எதற்கு என்று தோன்றும். ஆனால் கொடையாளர் கிடைப்பதற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை அம்மா ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா? காத்திருக்கும் காலத்திலும் அவர் தானாக உண்ண வேண்டும், தானாகக் கழுவிக்கொள்ள வேண்டும். பிட்டத்தைக் கழுவும் நீர்க்குழாயைச் சுவரில் பொருத்தி, காலால் அழுத்தித் திறக்கும்படி வைத்தது என் வாழ்க்கையில் எந்த அறுவை சிகிச்சையைவிடவும் பெரிய விடுதலை. உள்ளூர்க் குழாய்ப் பணியாளரே அதைச் செய்து கொடுத்தார்.

தென்கூடல்

நான் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராகப் பணிபுரிகிறேன். மூளைச்சாவு அடைந்தவர்களின் குடும்பத்தினரிடம் பேசுவதே என் வேலை. கொடையாளர் கிடைப்பது ஏன் கடினம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி, மருத்துவர் குழு ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து மூளைச்சாவை உறுதிசெய்ய வேண்டும். அதன்பின்பே குடும்பத்தினரிடம் பேசுகிறோம். தமிழ்நாட்டில் 2008இலிருந்து மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானத் திட்டம் முறையாக நடந்துவருவதால், சிறுநீரகம், கல்லீரல், இதயம் என்றால் பல குடும்பங்கள் அந்தத் துயரத்திலும் ஒப்புக்கொள்கின்றன. கைகளுக்குத் தனியாகக் கேட்க வேண்டும். அங்கேதான் பெரும்பாலோர் தயங்குகிறார்கள். உள்ளுறுப்பை எடுத்தால் வெளியே தெரியாது; கை அப்படியன்று. ஐந்து உறுப்புகளுக்குக் கையெழுத்திட்ட ஒரு தாய், மகனின் வலக்கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டே, “இதை மட்டும் கேட்காதீர்கள்” என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

கைகளை எடுத்தபின் அதே அளவிலான செயற்கைக் கைகளைப் பொருத்தி, துணி சுற்றி, முழு உடலாகவே ஒப்படைப்பார்கள் என்பதைச் சொல்லும்போது சிலர் மனம் மாறுகிறார்கள். 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை அளிக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்த பிறகு, ஊரார் பார்க்கும் பார்வையில் ஒரு மாற்றத்தைக் காண்கிறேன்.

ஒப்புதல் கிடைத்தாலும் ரத்தப் பிரிவு, திசுப் பொருத்தம், கையின் அளவு, தோலின் நிறம், சில வைரஸ் தொற்றுகளின் நிலை ஆகிய அனைத்தும் ஒத்துவர வேண்டும். நேரமோ குறைவு. 2020 ஆகஸ்டில் சென்னையில் கிடைத்த கைகளைத் தனி விமானத்தில் மும்பைக்குக் கொண்டுசென்று, ரயில் விபத்தில் கைகளை இழந்த இளம்பெண்ணுக்குப் பொருத்தினார்கள். ஆண், பெண் வேறுபாடுகூட எப்போதும் தடையாக இருப்பதில்லை. 2017இல் கொச்சியில் புனேயைச் சேர்ந்த மாணவி ஒருவருக்கு இளைஞர் ஒருவரின் கைகளை மேற்கையிலிருந்து பொருத்தினார்கள். நாளடைவில் அந்தக் கைகளின் நிறமும் ரோமமும் அவருடைய உடலுக்கேற்ப மாறியதாக மருத்துவர்களே தெரிவித்தார்கள். ஆகவே தோற்றத்தைப் பற்றித் தம்பி மிகவும் கவலைப்பட வேண்டாம். ஆனால் இன்னொருவரின் கை இது என்ற எண்ணத்தை ஏற்கும் மனம் வேண்டும். அதற்காகவே மனநல மருத்துவரின் மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அதை ஒரு தேர்வு என்று நினைத்துத் தம்பி பயப்பட வேண்டியதில்லை, மனத்தில் இருப்பதை அப்படியே சொல்லட்டும்.

மேட்டுக்காடு

இடையில் கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். கால் இழந்தவர்களுக்கு ஏன் இதைச் செய்வதில்லை? என் தந்தைக்குச் சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அறுவையரங்கு

ஐயா, 2011இல் ஸ்பெயினின் வலென்சியாவில் பெத்ரோ கவாதாஸ் குழுவினர் ஒருவருக்கு இரு கால்களையும் பொருத்தினார்கள். வேறொரு நோய்க்குச் சிகிச்சை அளிப்பதற்காக நிராகரிப்புத் தடுப்பு மருந்துகளை நிறுத்த வேண்டிவந்ததால், பின்னர் அந்தக் கால்களை அகற்ற நேர்ந்தது. காலின் வேலை பெரும்பாலும் உடலைத் தாங்குவதும் நடப்பதும்தான். அதைச் செயற்கைக் கால் மிக நன்றாகச் செய்கிறது. சர்க்கரை நோயாளிக்கு இந்த மருந்துகள் மேலும் தீங்கு செய்யும். உங்கள் தந்தைக்கு முழங்கால் மூட்டு எஞ்சியிருப்பது பெரிய நன்மை. நல்ல செயற்கைக் காலைப் பொருத்தி, மற்றக் காலைத் தினமும் கவனித்துக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரை

பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். நரம்பு மாதத்துக்கு 3 சென்டிமீட்டர் வளரும் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, தன் முழங்கையிலிருந்து விரல் நுனி இருந்திருக்க வேண்டிய இடம்வரை என்னை டேப் வைத்து அளக்கச் சொன்னான். நீளத்தை மூன்றால் வகுத்துக்கொண்டு, “பரவாயில்லை, காத்திருக்கலாம்” என்றான். கரிசல்காடு அண்ணன் எழுதியதைக் கேட்டபின் நெடுநேரம் பேசவில்லை. மாலையில், கால் அழுத்தித் திறக்கும் குழாயைப் பற்றி மீண்டும் படிக்கச் சொன்னான். அம்மாவிடம் மருத்துவர் ஐயா சொன்னதைச் சொன்னோம். அழுதார், ஆனால் அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போதைக்கு இப்படி முடிவு செய்திருக்கிறோம். கே.கே. நகருக்குச் சென்று கிண்ணத்துக்கு மீண்டும் அளவெடுக்கிறோம். அதே பயணத்தில் ஸ்டான்லியின் புறநோயாளிப் பிரிவில் தம்பியைக் காட்டுகிறோம். எதிர்ப்புப் புரதப் பரிசோதனையின் முடிவு வரும்வரை கைமாற்றுக்குப் பதிவு செய்வதா வேண்டாமா என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை என்று தம்பியே சொல்லிவிட்டான். எந்த ஆவணங்களை எடுத்துச் செல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னால் உதவியாக இருக்கும். தீக்காயப் பிரிவில் கொடுத்த சுருக்கத்தில் எத்தனை முறை ரத்தம் ஏற்றினார்கள் என்பது எழுதப்படவில்லை.

அறுவையரங்கு

நல்ல முடிவு, சகோதரி. மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கம், அறுவை சிகிச்சைக் குறிப்புகள், எக்ஸ்ரே படங்கள், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, காப்பீட்டுத் திட்ட அட்டை ஆகியவற்றோடு, விபத்துக்கு முன்பு தம்பிக்கு மஞ்சள் காமாலை, காசநோய் போன்றவை வந்திருந்தால் அதற்கான சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். ரத்தம் ஏற்றிய விவரம் சுருக்கத்தில் இல்லாவிட்டால், அந்த மருத்துவமனையின் ரத்த வங்கியில் உள்நோயாளி எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். எந்தத் தேதியில் எத்தனை அலகு வழங்கப்பட்டது என்பது அவர்களுடைய பதிவேட்டில் இருக்கும். தோல் வங்கியிலிருந்து தோல் பெற்று ஒட்டினார்களா, தம்பியின் தொடைத் தோலை மட்டுமே ஒட்டினார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். சென்னைக்குப் புறப்படும் முன்பே அந்த இரண்டும் கையில் இருந்தால், முதல் நாளிலேயே பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துவிடுவார்கள்.